வரப்பெலியைக் கவனித்தலும் பொறிவைத்துப் பிடித்தலும்

சம்பாப் பயிர் பொதி கட்டும் காலத்தில், விடியற்காலை வரப்பின்மேல் நடந்து செல்லும் விவசாயி, வயலின் நடுவே பாய் விரிக்கும் அளவு இடத்தில் பயிர் வெட்டுண்டு சாய்ந்து கிடப்பதைக் கண்டு திகைத்து நிற்பதுண்டு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டாரங்களில் இது ஆண்டுதோறும் காணும் காட்சியேயாகும். ஓரத்துப் பயிர் செழிப்பாகவே நிற்கும். வரப்பிலிருந்து பார்ப்பவருக்கு யாதொரு குறையும் தெரியாது. உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் சேதம் புலப்படும். உடனே கடைத்தெருவுக்கு ஓடி எலி மருந்து வாங்குகிறோம், இரண்டு நாள் வைக்கிறோம், சில எலிகள் சாகின்றன, சேதமோ நிற்பதில்லை. பின்னர், "இந்த வருஷம் எலி அதிகம்" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக் கொள்கிறோம்.

உண்மையில் அந்த வருஷம் எலி அதிகமாக இருந்ததன்று. எலியைப் பிடிக்கும் காலத்தை நாம் தவற விட்டோம் என்பதே காரணம். பயிர் நடுவதற்கு முன், நிலம் வெறிதாகக் கிடக்கும்போது, ஒரு வாய்க்காலில் பாயும் அனைவரும் ஒரே சமயத்தில் பிடித்தால் சில எலிகளோடு முடிகின்ற வேலை, கதிர் முற்றும்போது தனியாகச் செய்தால் எத்தனை பிடித்தாலும் முடிவதில்லை. இது ஏன் என்பதையும், பிடிப்பதற்கு முன் கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை என்பதையும் அங்கத்தினர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எந்த எலி என்று அறிதல்

எலி என்று பொதுவாகச் சொல்லி விடுகிறோம். நமது மாவட்டத்து வயல்களில் குறைந்தது நான்கு இனங்கள் உள. அவற்றின் பழக்கங்கள் வேறு. ஆகவே பிடிக்கும் முறையும் வேறாகும்.

நஞ்சையில் பெருஞ்சேதம் செய்வது வரப்பெலியே. அகழான் என்றும் இதனை வழங்குவர். தடித்த உடல், அகன்ற முகம், கருஞ்சாம்பல் நிறமான முரட்டு மயிர், உடலைவிடச் சற்றே குட்டையான வால் ஆகியவற்றால் இதனை அடையாளம் காணலாம். வளையை வெட்டி மடக்கினால் ஓடாமல் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றிபோல் உறுமும். இதன் இனத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாண்டிகூட்' என்னும் பெயர், 'பந்திக்கொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து சென்றதாகும். பன்றி எலி என்பது அதன் பொருள். பெயர் வைத்தவர் அதன் உறுமலைக் கேட்டிருக்கத்தான் வேண்டும்.

புல்லெலி மென்மையான மயிரும் சிறிய உடலும் உடையது; வெடித்த நிலத்திலும் புற்களின் ஓரத்திலும் எளிய வளை தோண்டி வாழும். வயற்சுண்டெலி விரல் நீளமே இருக்கும்; ஆயினும் நாற்றங்காலில் விதையைப் பொறுக்குவதில் சளைத்ததன்று. விருத்தாசலம் பக்கத்துப் புஞ்சைகளில் நிலக்கடலைக்குக் கேடு செய்வது பெரும்பாலும் வெள்ளெலி. நீண்ட பின்னங்கால்களும் நுனியில் மயிர்க்குஞ்சமுள்ள வாலும் இதற்கு உண்டு. அடிவயிறு வெண்மையாக இருக்கும். வெள்ளெலி ஈரத்தை விரும்புவதில்லை. ஆகவே வீராணம் பாசனத்து விவசாயிக்குப் பகை வரப்பெலியே என்று கொண்டு, மேலே அதனைப் பற்றியே பேசுவோம்.

வளையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுதல்

வரப்பெலி இரவில் உலாவும் பிராணி. நேரில் காண்பது அரிது. ஆனால் அது விட்டுச் செல்லும் அடையாளங்கள் பல. ஒரு வாரம் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால், நம் வரப்பில் எத்தனை எலி வாழ்கின்றது என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

முதலில் வளை. வரப்பெலி வளையின் வாயிலில் தளர்ந்த மண்ணைக் குவியலாகத் தள்ளி வைத்திருக்கும். வாயையும் பெரும்பாலும் உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும். வெள்ளெலியின் வளையோ திறந்த வாயாக இருக்கும். குவியல் மண் ஈரமாகவும் பொலபொலவென்றும் இருந்தால் நேற்றிரவு தோண்டியது. காய்ந்து இறுகிப் புல் முளைத்திருந்தாலோ, வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தாலோ குடியில்லாத வீடு. நண்டு வளையையும் எலி வளையையும் சிலர் மாற்றிக் கொள்கிறார்கள். நண்டு வளை நீர்மட்டத்தை ஒட்டி, வழவழப்பான வட்ட வாயுடன், சேற்று உருண்டைகளோடு இருக்கும். நட்ட சில நாட்களில் இளம் நாற்று அடியோடு கத்தரிக்கப்பட்டிருந்தால் நண்டின்மேல்தான் முதலில் சந்தேகம் கொள்ள வேண்டும்.

அடுத்து வெட்டு. எலி தண்டைத் தரைக்கு அல்லது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சாய்வாகக் கடித்து வெட்டும். வெட்டிய தண்டு அங்கேயே கிடக்கும். குருத்துப்பூச்சி தாக்கிய பயிரில் நடுக்குருத்து காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வரும். சாய்ந்த வெட்டு இராது. இந்த வேறுபாட்டை அறியாமல் எலிக்காகப் பூச்சிமருந்து தெளித்தவர்களை நான் அறிவேன். நானும் ஒரு முறை அவ்வாறு செய்ததுண்டு என்பதை மறைப்பானேன்!

பிறகு தடம். எலி வந்த வழியிலேயே திரும்பத் திரும்பச் செல்லும் வழக்கமுடையது. வரப்பின் சரிவில் புல் படிந்து நான்கு விரல் அகலத்துக்குப் பாதை தெரியும். ஐயமிருந்தால் மாலையில் அவ்விடத்தில் சலித்த சாம்பலை மெல்லத் தூவி வையுங்கள். காலையில் முன்காலின் நான்கு விரற்சுவடும் பின்காலின் ஐந்து விரற்சுவடும் தெளிவாகப் பதிந்திருக்கும். சுவடு எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதைக் கொண்டு, எலி நம் வரப்பிலிருந்து வயலுக்குப் போகின்றதா, அடுத்தவர் கரும்புக் கொல்லையிலிருந்து நம் வயலுக்கு வருகின்றதா என்பதையும் அறியலாம்.

இவை எல்லாவற்றினும் உறுதியான முறை வளை அடைத்துப் பார்த்தல். ஒரு நாள் மாலை, வரப்பிலுள்ள வளை வாய்களை எல்லாம் ஈரமண் கொண்டு அடைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு விடுங்கள். மறுநாள் காலை திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். உயிருள்ள வளை அவையே. ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய்கள் இருக்கலாம் ஆதலால், அருகருகே திறந்திருப்பவற்றை ஒன்றாகக் கொள்ள வேண்டும். வரப்பெலி பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒன்றாகவே வாழும். குட்டிகளுடன் இருக்கும் தாய் இதற்கு விலக்கு. ஆகவே உயிருள்ள வளைகளின் எண்ணிக்கை, எலிகளின் எண்ணிக்கைக்கு நெருங்கியே வரும். இதனை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு பேருதவியாக இருக்கும்.

காலமும் கணக்கும்

வரப்பெலி சூல் கொண்டு மூன்று வாரத்திற்குச் சற்று மேலான நாட்களில் ஈனும். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் இருப்பது வழக்கம். ஈன்ற சில நாட்களிலேயே மீண்டும் சூல் கொள்ளக் கூடியது. குட்டி ஏறத்தாழ மூன்று மாதத்தில் தானும் ஈனத் தக்கதாகி விடும். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் இது நடப்பதில்லை. பொதிப் பயிரும் பால் பிடித்த மணியும் கிடைக்கும் காலத்தில்தான் எலியின் பெருக்கம் உச்சமடைகின்றது. நெற்பயிர் எவ்வளவு காலம் அந்த நிலையில் நிற்கின்றதோ அவ்வளவு காலம் எலியும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். ஆவணி மாதத்தில் ஒரு வரப்பில் ஒரு ஜோடி எலி இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகையில் பயிர் பொதி கட்டுகின்றது, தையில் அறுவடை. இதற்குள் பெண்ணெலி இருமுறை ஈன்றால், ஏழு ஏழாகப் பதினான்கு. மும்முறை ஈன்றால் இருபத்தொன்று. சிலவற்றைப் பாம்பும் கூகையும் தின்றுவிடும் என்றாலும், ஆவணியில் இரண்டாக இருந்தது தையில் பத்துப் பதினைந்தாக நிற்கும். ஆவணியில் இரண்டு எலிக்குச் செய்யும் வேலையும் செலவும் எங்கே, தையில் விளைந்த பயிருக்குள் இறங்கிப் பதினைந்தைத் தேடும் வேலையும் செலவும் எங்கே!

நமது பகுதியின் நீர்ப்பாசன முறையும் இதற்கு வாய்ப்பளிக்கின்றது. 1836-இல் கொள்ளிடத்தில் கட்டப்பெற்ற கீழணையிலிருந்து வடவாறு வழியே வீராணம் ஏரிக்கு நீர் வருகின்றது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டாலும், நம் கடைமடைக்கு நீர் வந்து சம்பா வேலை தொடங்குவதற்குள் ஆடி கழிந்து ஆவணி வந்துவிடுகின்றது. மாசி பங்குனியில் உளுந்து, பயறு எடுத்தபின் வயல் காய்ந்து கிடக்கும். அப்பொழுது எலிக்கு வயலில் உணவுமில்லை, மறைவுமில்லை. வாய்க்காற் கரை, ஆற்றங்கரை, களத்து மேடு, வைக்கோற்போரின் அடி, நெல்லிக்குப்பம் சேத்தியாத்தோப்புப் பக்கங்களில் கரும்புக் கொல்லை ஆகிய சில இடங்களில் அவை குறைந்த தொகையாக ஒதுங்கியிருக்கும். வருஷம் முழுவதிலும் எலி மிகக் குறைவாகவும், ஒரே இடத்தில் சேர்ந்தும், பசியோடும் இருக்கும் காலம் இதுவே. பசித்த எலி பொறியில் விரைவாக விழும்; வயிறு நிறைந்த எலி பொறியைத் திரும்பியும் பார்க்காது.

இதை ஒருவர் மட்டும் செய்வதனால் பயனில்லை. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என் சொந்த நிலத்தில் ஓர் ஆண்டு நடவுக்கு முன்பே வளை வெட்டிச் சுத்தம் செய்தேன். இரண்டு வாரம் சென்று பார்த்தபோது பழைய வளைகளிலேயே புதிய மண் தள்ளியிருந்தது. காலியான வீட்டுக்கு அடுத்த தெருவிலிருந்து குடி வந்துவிட்டது! மறு ஆண்டு எங்கள் கன்னி வாய்க்காலில் பாயும் அனைவரையும் கூட்டி, ஒரே வாரத்தில் எல்லா வரப்புகளையும் வாய்க்காற் கரையையும் பார்த்தோம். சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. எலி பிடிப்பது எளிதாகவே இருந்தது. எலிக்குப் பட்டாவும் தெரியாது, புல எண்ணும் தெரியாது.

நடவு நாளும் இவ்வாறே. ஒரு வாய்க்காலில் ஒருவர் நேரடி விதைப்பும், ஒருவர் ஒரு மாதம் தள்ளி நடவும் செய்தால், எலிக்கு விருந்து இரண்டு மாதம் நீடிக்கும். முதலில் அறுத்த வயலிலிருந்து புறப்பட்ட எலிகள் எல்லாம் கடைசியாக நிற்கும் வயலில் வந்து குவியும். கடைசியில் அறுப்பவர் பிறருடைய எலிக்கும் சேர்த்து நெல் அளக்கிறார். இரண்டு வாரத்திற்குள் எல்லோரும் நட்டு முடிப்பது என்று சங்கத்தில் பேசி முடிவு செய்துகொண்டால், அதுவே பாதி எலி ஒழிப்பாகும்.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் இக்கூட்டு முறையை மற்றொரு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். மலேசியாவில் 1980-களில் உருவான முறை அது. ஒரு சிறு பாத்தியில் மட்டும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று வாரம் முந்தி நெல் நட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் வேலி கட்டி, வேலியில் ஆங்காங்கே துளையிட்டுக் கூண்டு வைக்கிறார்கள். முந்திய பயிரின் வாசனைக்கு நாலாபுறத்து எலியும் வந்து கூண்டில் அகப்படும். சுற்றிலும் பத்துப் பதினைந்து ஹெக்டேர் நிலம் இதனால் பயன்பெறும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அங்குள்ள எலி வேறு இனம். நமது வரப்பெலி தோண்டுவதில் வல்லது. மேலோட்டமாகக் கட்டிய வேலியின் அடியில் சுரங்கம் வைத்துவிடும். ஆகவே அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு பாத்தியில் சோதித்துப் பார்த்தபின் செய்வதே தகும் என்பது என் அபிப்பிராயம்.

கிட்டி வைத்தல்

பொறிகளில் நம் நாட்டு விவசாயிக்கு மிகவும் உகந்தது தஞ்சாவூர்க் கிட்டி. டெல்டா முழுவதும் வழங்குவது. மூங்கிற் சிம்பு, கயிறு, நூல் இவையே மூலப்பொருள். மூங்கில் வேலை தெரிந்தவர் ஊரிலேயே செய்துவிடலாம். மூங்கிற் சிம்பை வில்லாக வளைத்து நாண் கட்டி, இரைக்கு முன்னால் ஒரு நூலால் அதனைத் தடுத்து வைப்பார்கள். இரையை எடுக்கத் தலையை நுழைக்கும் எலி அந்த நூலைக் கடிக்க, வில் விடுபட்டு நாண் கழுத்தை இறுக்கிவிடும். வேலை நொடியில் முடிவதால் எலி நெடுநேரம் துன்புறுவதில்லை. விஷமில்லை, நாய், கோழிக்கு ஆபத்தில்லை, பிடிபட்டதைக் கண்ணால் கண்டு எண்ணலாம்.

கிட்டியின் பயன் அதை வைக்கும் இடத்தில்தான் இருக்கின்றது. வரப்பின்மேல் கண்டபடி வைப்பதால் பயனில்லை. முன்னர்க் கூறிய தடங்களில், வளைக்கும் வயலுக்கும் இடையே, எலி நடக்கும் வழியின் மேலேயே வைக்க வேண்டும். பயிர் நிற்கும் வயலாயின், வெட்டுண்ட திட்டின் ஓரத்தில் குச்சி நட்டு நீர்மட்டத்துக்கு மேலே கட்ட வேண்டும். நடுத்திட்டில் வைப்பதில் பயன் குறைவு. முதல் நாள் வெட்டிய இடத்தை ஒட்டி அடுத்த நாள் வெட்டுவதே எலியின் வழக்கம்.

இரையாக ஊறவைத்த அரிசி, பொரி, கருவாட்டுத் துண்டு என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்வர். வயலில் கிடைக்காத பண்டமாக இருப்பது நலம் என்பது மட்டும் பொது விதி. நெல் விளைந்த வயலில் நெல்லை வைத்து எலியை அழைப்பது வீண். எலிக்குப் புதுப்பொருளைக் கண்டால் அச்சம் உண்டு. ஆகவே முதல் இரண்டு இரவு வில்லை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கி, மூன்றாம் இரவு ஏற்றினால் அதிகம் அகப்படும். மாலை மங்கும்போது வைத்து, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். விடிந்தபின் விட்டுவைத்தால் காகமும் நாயும் எலியோடு கிட்டியையும் இழுத்துச் சென்றுவிடும். நிலவு நன்றாகக் காயும் இரவுகளில் எலி வெளிக்கிளம்ப அஞ்சும்; அமாவாசையை ஒட்டிய நாட்களில் வைப்பது சிறந்தது.

கிட்டி வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஊர் ஊராக வந்து, எலிக்கு இவ்வளவு என்று பேசிப் பிடித்துக் கொடுக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியே அமர்த்துவதைவிட வாய்க்கால் முழுவதற்கும் சேர்த்து அமர்த்துவது சிக்கனம். ஒன்று மட்டும் கவனிக்கவும். எலிக்கு இவ்வளவு என்னும் கூலியில், எலி நிறைந்த தை மாதம் அவர்களுக்கு லாபம், நமக்கு நஷ்டம். நடவுக்கு முன் அழைப்பதானால் நாட்கூலியாகவே பேச வேண்டும். அப்போது அகப்படும் எலி சிலவே ஆயினும், அவற்றின் விலை அதிகம்.

கிட்டி கிடைக்காத இடத்தில் பானைப் பொறி வைக்கலாம். வாய் குறுகிய மண்பானையை வாய் தரைமட்டமாக இருக்கும்படி புதைத்து, உட்புறம் எண்ணெய் தடவி, சிறிது இரையிட்டு, மேலே வைக்கோலைத் தளர்வாகப் பரப்ப வேண்டும். உள்ளே விழுந்த எலி ஏற முடியாது. புல்லெலிக்கும் சுண்டெலிக்கும் இது நன்று; வரப்பெலி இதில் அகப்படுவது குறைவு. உயிரோடு அகப்பட்டவற்றை வெயிலில் விட்டு வேதனைப்படுத்தாமல் உடனே முடித்துவிட வேண்டும்.

வளை வெட்டுதல்

வளை வெட்டிப் பிடிப்பதில் இருளர் மக்களின் அறிவுக்கு ஈடில்லை. கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளில் உப்பங்கழியில் கையால் இறால் தடவிப் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுடைய முன்னோர் வயல்களில் எலி பிடிப்பதிலும் தேர்ந்தவர். வளையின் வாயைப் பார்த்த அளவில் எலி உள்ளே இருக்கின்றதா, குட்டி உண்டா, தப்பும் வழி எங்கே திறக்கும் என்று சொல்லிவிடும் திறமை அவர்களுக்கு உண்டு. வரப்பெலியின் வளையில், வெளியே தெரியும் வாயைத் தவிர, மேலே மெல்லிய மண்மூடி போட்ட மறைவழி ஒன்று இருக்கும். ஆபத்து வந்தால் அதை முட்டித் திறந்து ஓடும். அவ்வழியைக் கண்டு அடைத்துவிட்டே வெட்டத் தொடங்க வேண்டும். உள்ளே எலி கதிர்களைச் சேர்த்து வைக்கும் அறையும், வைக்கோலும் புல்லும் பரப்பிக் குட்டி வளர்க்கும் அறையும் தனித்தனியே இருக்கும். அறுவடைக் காலத்தில் ஒரே வளையிலிருந்து சில கிலோ நெல் எடுப்பதுண்டு. அந்நெல்லைப் பிடிப்பவருக்கே விட்டுவிடுவது பழைய வழக்கம். அது நியாயமே.

வெட்ட முடியாத வாய்க்காற் கரையில் புகையூட்டிப் பிடிப்பார்கள். அடியில் துளையிட்ட மண்சட்டியில் வைக்கோலை எரித்து, துளையில் வாய் வைத்து ஊதி, வளைக்குள் புகை செலுத்துவது பழைய முறை. ஊதுகின்றவருக்கு உதடு சுடுவதும், புகை நெஞ்சை அடைப்பதும் வழக்கமாகும். இதற்குப் பதிலாகக் கையால் சுழற்றிப் புகையைச் செலுத்தும் எஃகுக் கருவி ஒன்று தமிழ்நாட்டு இருளர்களுக்காக உருவாக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டு உலக வங்கியின் போட்டியொன்றில் பரிசும் பெற்றது. இத்தகைய கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்திருந்தால், எலி பிடிக்க வருபவரின் நுரையீரலைக் காப்பதாகவும் இருக்கும். வடநெம்மேலியில் 1978-இல் இருளர்களே கூடிப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷமெடுத்து விற்று நடத்தி வருவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அறிவு அவர்களிடம் உண்டு. அதற்கு நியாயமான கூலி கொடுப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

வெட்டிய வரப்பை அப்படியே விடலாகாது. தளர்ந்த மண் அடுத்த எலிக்கு அழைப்பாகும். மண்ணை மிதித்து இறுக்கி, வரப்பையும் மெலிதாக்கிக் கட்ட வேண்டும். ஒன்றரை அடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள வரப்பில் எலி அறை வகுத்து வாழ இடம் போதாது. அகன்ற வரப்பில் துவரை போட்டு லாபம் காண்பவர் அதை விட மனம் கொள்ளார். அவர் அந்த வரப்பையேனும் மாதம் இருமுறை பார்த்துவர வேண்டும்.

விஷமும் மின்கம்பியும்

விஷம் வைப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது கடைசி வழியாக இருக்க வேண்டும். துத்தநாக பாஸ்பைடு என்னும் கரிய பொடியைத் தின்று சாகாமல் தப்பிய எலி, அந்த இரையைப் பின்னர்த் தொடுவதில்லை. முதல் இரவில் பத்து எலி செத்ததைக் கண்டு மகிழ்ந்து, அடுத்த வாரமும் அதையே வைப்பவர் ஏமாறுவது இதனால்தான். மனிதர் உட்கொண்டுவிட்டால் அதற்கு மாற்று மருந்தும் இல்லை. இரத்தம் உறையாமற் செய்யும் மருந்துக் கட்டிகளைத் தின்ற எலி சில நாள் சென்று தள்ளாடித் திரியும்போது அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் கேடு வரும். கூகையோ இரவெல்லாம் கூலியில்லாமல் நமக்கு எலி பிடிப்பது. வயலின் நடுவே பனை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தால் அதன்மேல் அமர்ந்து வேட்டையாடும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து போதும். கதிர் முற்றும் முன் எடுத்துவிட்டால் பகலில் குருவி வந்து அமராது. சாரைப் பாம்பையும் அடிக்காமல் விட வேண்டும். அதைக் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

அமெரிக்க நாட்டுப் புல்வெளிகளில் அணில் இனத்தைச் சார்ந்த ஒரு வளைவாழ் பிராணி உண்டு. குரைப்பது போல் ஒலி எழுப்புவதால் அதற்குப் புல்வெளி நாய் என்று பெயர். மேய்ச்சலுக்குக் கேடு என்று கருதி இருபதாம் நூற்றாண்டில் அதனைப் பரந்த அளவில் விஷம் வைத்துக் கொன்றார்கள். அதனையே தின்று வாழும் கருங்கால் மரநாய் என்னும் பிராணி அநேகமாக அழிந்தே போயிற்று. 1987-க்குள் எஞ்சிய பதினெட்டையும் பிடித்துக் காப்பிடத்தில் வளர்த்துத்தான் அவ்வினத்தை மீட்டார்கள். நமது கூகைக்கு அந்நிலை வர வேண்டியதில்லை.

மின்கம்பியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கின்றது. எலிக்கென்று வரப்பைச் சுற்றிக் கம்பி கட்டி, மோட்டார்க் கொட்டகையிலிருந்து மின்சாரம் விடும் கொடிய பழக்கம் நெற்பகுதிகளில் புகுந்துள்ளது. இரவில் மடை திறக்கப் போனவரும், விடியற்காலை புல்லறுக்கப் போனவரும், கம்பி கட்டியவரே மறந்து மிதித்தும் மாண்ட செய்திகள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கின்றன. ஈரச்சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு அந்த மின்சாரத்திலிருந்து தப்புதல் இல்லை. ஒருபடி நெல்லுக்காக ஒருவர் வீட்டு விளக்கை அணைக்கும் இச்செயல் சட்டப்படி குற்றமாவதோடு, இதனால் இறப்பு நேர்ந்தால் சிறைத் தண்டனைக்கும் உள்ளாக்கும். வாய்க்காலில் எவரேனும் இவ்வாறு செய்வது தெரிந்தால் அண்டை வயற்காரர் தாட்சணியம் பாராமல் அன்றே தடுத்தல் வேண்டும்.

எலியின் சிறுநீர் கலந்த நீரில், காலில் புண்ணுடன் நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். எலியை வெறுங்கையால் தொடாமல் உறையணிந்து எடுத்து, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். வளை வெட்டிய சில நாட்களில் கடுங்காய்ச்சலும் தசை நோவும் கண் சிவப்பும் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, எலி பிடித்த செய்தியையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

தறிக்கூடத்தில்

நெசவாள அங்கத்தினர்களுக்கும் இரண்டு வார்த்தை. குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் தறிக்கூடத்தில் பாவைக் கடிப்பது பெரும்பாலும் வீட்டெலி. அதற்கு நூலில் ஆசையில்லை. நூலில் ஏற்றிய கஞ்சியில்தான் ஆசை. கஞ்சி போட்டுக் காய்ந்த பாவை இரவில் சுவரோரமாக வைக்காமல், சுவரை விட்டு இரண்டு அடி தள்ளி உயரத்தில் தொங்கவிட வேண்டும். கஞ்சிப் பானையையும் வீட்டு அரிசியையும் அக்கூடத்தில் வைத்தலாகாது. குழித்தறியின் மண்சுவரில் வளை கண்டால், உடைந்த கண்ணாடித் துண்டும் சிமிட்டியும் கலந்து அடைக்க வேண்டும். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். மரப்பொறியை நடுக்கூடத்தில் வைக்காதீர்கள். எலி சுவரை உரசிக்கொண்டே ஓடும். ஆகவே பொறியின் வாய் சுவரைப் பார்க்கும்படி, சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும்.

மீண்டும் வயலுக்கு வருவோம். ஆவணியில் எல்லோரும் கூடிப் பிடித்து முடித்த எட்டாம் நாள், வளை அடைக்கும் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். திறந்தவை பழைய எண்ணில் பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் மூன்று இரவு கிட்டி வைத்தால் போதும். நட்டபின் மாதம் ஒருமுறையும், பொதிப் பருவத்தில் வாரம் ஒருமுறையும், வயலின் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தல் போதாது. அறுவடை முடிந்ததும் கிட்டிகளைக் கழுவி, வில்லைத் தளர்த்தி, நாணைக் கழற்றி, நிழலில் காயவைத்துப் பரண்மேல் கட்டி வையுங்கள். ஏற்றிய நிலையிலேயே விட்டுவைத்த மூங்கில் ஓராண்டில் விறைப்பிழந்து, மறு ஆவணிக்கு உதவாமற் போகும்.